கழுத்து வலி: எந்த விரல் மரத்துப்போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கழுத்து வலி என்று வருகிறவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். "எலும்பு தேஞ்சிருக்காம் டாக்டர், ஜவ்வு பிதுங்கியிருக்காம்." வலி எங்கே ஆரம்பிக்கிறது, எதுவரை போகிறது என்று கேட்டால், "அதான் ரிப்போர்ட்ல இருக்கே" என்பார்கள். ரிப்போர்ட்டில் அது இருக்காது. உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு அது. இருபதுகளில் இருந்தவர்கள் தொடங்கி எழுபதுகளில் இருந்தவர்கள்வரை சேர்த்திருந்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு ஓரளவு பிதுங்கியிருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை! ஐம்பது வயதில் கழுத்தெலும்பில் தேய்மானம் தெரிவது, தலையில் நரை தெரிவது மாதிரிதான். இருக்கிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது.

பெரும்பாலான கழுத்து வலி தசையிலிருந்தும், எலும்புகளுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன மூட்டுகளிலிருந்தும் வருவது. ஏழே எலும்புகள், ஏறத்தாழ ஐந்து கிலோ தலையை நாள் முழுக்கத் தாங்குகின்றன. தையல் மெஷினில் குனிந்தபடி இருப்பவர், கைபேசியை மடியில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பவர், தலைச்சுமை தூக்குபவர், இவர்களுக்கெல்லாம் தோள்பட்டைவரை இழுத்துப் பிடிப்பது சகஜம். குனிவதைவிட, அசையாமல் ஒரே நிலையில் இருப்பதுதான் அதிகம் படுத்துகிறது என்பது என் அனுபவம். காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்வதும் இந்த வகைதான். சில நாளில் தானாக விட்டுவிடும்.

வலி தோளைத் தாண்டிக் கைக்குள் இறங்கினால் கதை வேறு. அங்கே நான் முதலில் கேட்பது, "எந்த விரல் மரத்துப்போகிறது?" என்பதைத்தான். கட்டைவிரல் என்றால் ஆறாவது கழுத்து நரம்பைச் சந்தேகிப்போம். நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. ஆனால் நடுராத்திரியில் விரல்கள் மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்று ஒருவர் சொன்னால், நான் கழுத்தை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்ப்பேன். அங்கே நரம்பு அழுந்தினாலும் இப்படி வரும். கழுத்துக்கு எத்தனை படம் எடுத்தாலும் அது தெரியாது.

பிறகு சோதனை. தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, சற்றுப் பின்னால் வளைத்து, உச்சியில் மெதுவாக அழுத்துவோம். கையில் சுரீரென்று இறங்கினால் கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்று கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்கொருவர் செய்து பார்க்க வேண்டாம், இது மருத்துவர் செய்ய வேண்டியது. இன்னொரு அடையாளமும் உண்டு. சிலர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். "தலையில கை வைக்காதே, வீட்டுக்கு ஆகாது" என்று கூட வந்த அம்மா அதட்டுவார். வலிக்காரர் எப்படிக் கேட்பார்? அப்படி வைத்தால்தான் நரம்பின் இழுப்புத் தளர்ந்து வலி குறைகிறது! சுத்தியலால் தட்டி, கையின் பலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த நரம்பு என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இந்த வகை வலி பலருக்கும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே தணிகிறது.

நான் அதிகம் அஞ்சுவது வலி குறைவாக இருக்கும் ஒரு நோய்க்கு. நரம்பு அல்ல, தண்டுவடமே அழுந்துவது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, சோறு பிசையும்போது விரல் ஒத்துழைக்கவில்லை, நடை தள்ளாடுகிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை. வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பத்து வினாடியில் விரல்களை எத்தனை முறை மடக்கி விரிக்க முடிகிறது என்று எண்ணுவோம். இருபதுக்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும். குனிந்தால் முதுகெலும்பு வழியாக ஷாக் அடிப்பது போல் இறங்குவதும், சிறுநீர் கட்டுப்படாமல் போவதும் கூட இதன் அறிகுறியாக இருக்கலாம். இங்கே எம்.ஆர்.ஐ. உடனே வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போனால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். எடை குறைந்து, படுத்தாலும் ராத்திரியிலும் விடாமல் வலித்தால், எலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும். முன்பு இவற்றுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். படியேறும்போது வந்து, நின்றால் போகிற கழுத்து, தாடை வலிக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். விபத்தில் அடிபட்டவர் கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கழுத்துப் பட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடும் வலியில் சில நாள் போடலாம். மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் தசைதான் வலுவிழக்கும்.

கடைசியாக, சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுக்கிற பழக்கம். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. அபூர்வமாகத்தான், ஆனாலும் அந்தத் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. நெட்டி எடுத்த அன்றோ அடுத்த சில நாட்களிலோ பின்னந்தலையில் புதிதாகக் கடும் வலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, இதில் எது வந்தாலும் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் நெட்டி எடுத்த விஷயத்தையும் சொல்லுங்கள். அங்கே அதை யாரும் கேட்காமல் போகலாம்.

வணக்கம்.