நெல் சுணை பட்ட கண்ணுக்கு சீஸ் மருந்தா?

[மேசையில் ஒரு சீஸ் கட்டி, பக்கத்தில் கண் மருந்துப் போத்தல்]

சீஸ் கட்டியில் பூஞ்சணம் பிடிக்காமல் மேலே பூசுவதும், கண்ணில் பங்கசு பிடித்தால் டொக்டர் எழுதித் தரும் துளியும் ஒரே மருந்துதான். பகிடி இல்லை. பெயர் நட்டமைசின், சில சீஸ் மட்டைகளில் ஈ235 என்று போட்டிருக்கும், வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், நான் நிற்கிறேன்.

சரி, இது ஏன் மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு? படுவான்கரையில் வெட்டு மெஷின் இறங்கினால் சுணை பறக்கும். கருவிழியில் ஒரு கீறல் விழுந்தால் பங்கசுக்கு அதுவே வாசல், சில நாளில் கண் சிவந்து, கூசி, வெள்ளைப் புள்ளி விழும். ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

இப்ப எனக்குப் பிடித்த இடம். தென்னாபிரிக்காவின் நட்டால் மண்ணில் கிடந்த பற்றீரியா ஒன்றில் 1950களில் கண்டெடுத்த மருந்து இது, பெயர் வந்ததும் அதால்தான். பங்கசின் மென்சவ்வில் எர்கொஸ்டெரோல் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது, இது போய் அதைப் பிடித்துக்கொள்ளும். நமது கலங்களில் இருப்பது கொலஸ்ட்ரோல், அதனால் நாம் தப்பினோம். ஆனால் இது தண்ணீரில் சரியாகக் கரையாது, உள்ளேயும் லேசில் இறங்காது. சீஸுக்கு அது வரம், மேலேயே காவல் நிற்கும். கண்ணுக்கு அதே குணம்தான் தொல்லை, பங்கசு ஆழத்தில் வேர் விட்டிருக்க மருந்து வாசலில் நிற்கிறது! அதனால்தான் முதல் சில நாட்கள் மணிக்கு ஒரு துளி, ராத்திரியும் எழும்பி விடச் சொல்வார்கள், அப்புறம் கிழமைக்கணக்கில் தொடரும். போத்தலைக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் மண்டியாகக் கிடக்கும், கண்ணுக்குப் போவது தண்ணீர்தான். கண்ணோரம் வெள்ளை மாப்போல ஒட்டினால் பயப்படாதீர்கள், அது மருந்து.

பழைய மருந்து என்று நினைக்கவும் வேண்டாம். தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் புதிய பங்கசு மருந்தான வொரிகொனசோலை இது முந்தியது, அதிலும் புசேரியம் என்ற பங்கசில்.

எனக்குக் கோபம் வருவது பாமசியில் "கண் சிவப்புக்கு ஒன்று தாங்க" என்று ஸ்டீரோயிட் துளி வாங்குவதில்தான். சிவப்பு குறையும், பங்கசு உள்ளே கொழுக்கும். தாய்ப்பால் விடுவதும் வேண்டாம், அம்மம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

வெட்டு நேரம் கண்ணாடி போடுகிறவர்கள் எத்தனை பேர், கீழே எழுதுங்கள். ஸ்டைலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியையும் கணக்கில் எடுக்கிறேன்.