காவன் ஆடியது ஆட்டமல்ல

வணக்கம். இப்போது திரையில் நீங்கள் பார்க்கும் ஆண் யானையின் பெயர் காவன். பாகிஸ்தானில், இஸ்லாமாபாத்தின் மர்கஸார் மிருகக்காட்சிசாலையில் அது இருந்தது. அதன் தலையை மட்டும் சற்று நேரம் கவனியுங்கள்: இடப்புறம் போகிறது, வலப்புறம் வருகிறது, மறுபடியும் இடப்புறம் போகிறது. இதையே அது மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் யானை இப்படி அசைந்தபோது, "யானை ஆடுது பார்" என்று என் அக்காள் மகளைத் தூக்கிக் காட்டியவன் நான். அது ஆட்டமல்ல என்று பிறகு அறிந்தபோது மனம் மிகவும் நொந்துபோனது.

1985-இல் இலங்கையிலிருந்து அன்பளிப்பாக அனுப்பப்பட்டபோது காவன் ஒரு குட்டி. துணையாக இருந்த சஹேலி என்ற பெண் யானை 2012-இல் இறந்துவிட, அதன்பின் எட்டு ஆண்டுகள் அது தனியே கிடந்தது. யானையின் மூளை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. தண்ணீர் எங்கே, உறவு யார், எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் தீனி கிடைக்கும் என்று ஓயாமல் கணக்குப் போட்டே வாழ்கிற விலங்கு அது. அந்தக் கணக்குகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஒரு கொட்டடியைக் கொடுத்தால் அந்த மூளை என்னாகும்?

உயிரோடிருக்கும் யானையின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாது என்பதால், விடை பெரும்பாலும் எலிகளிடமிருந்தே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் 1960-களில் மரியன் டயமண்டும் உடன் ஆய்வாளர்களும், கூட்டாளிகளோடும் விளையாட்டுப் பொருள்களோடும் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, வெறுங்கூண்டில் தனித்துக் கிடந்த எலிகளின் புறணியைவிடத் தடித்திருப்பதைக் கண்டார்கள். பெங்களூரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட முடிவு என்னை இன்னும் உலுக்குகிறது. நாளுக்கு 2 மணி நேரமாக, 10 நாள்கள் மட்டுமே அசையவிடாமல் அடைத்துவைத்த எலிகளுக்கு, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ அவை வளர்ந்திருந்தன. காவன் அடைபட்டிருந்தது 35 ஆண்டுகள்.

தலையசைவுக்கு வருகிறேன். ஓர் அசைவைத் தொடங்கிவைப்பதும் போதுமென்று நிறுத்துவதும் மூளையின் உள்ளே இருக்கும் பேசல் கேங்லியா என்னும் பகுதியின் வேலை. நெடுநாள் அடைபட்ட விலங்குகளில் நிறுத்தும் பாதை தளர்ந்துபோவதால், தொடங்கிய அசைவு ஓயாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நீதிமன்ற ஆணைக்குப் பின், 2020 நவம்பர் இறுதியில் காவன் விமானத்தில் கம்போடியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே வேலிக்கு அப்பால் நின்ற இன்னொரு யானையின் துதிக்கையைத் தன் துதிக்கையால் தொட்டது. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன அசைவு, இடம் மாறியவுடன் முழுவதுமாக விட்டுப்போய்விடுவதில்லை. நல்ல இடத்துக்கு வந்த பிறகும், கலக்கம் நேரும்போது பல விலங்குகளிடம் அது திரும்பிவிடுகிறது.