"பாட்டில் வேணும்னா மாமாவை வரச் சொல்லு"

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்துக் கோவில் மண்டபத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கோவில் நிர்வாகத் தலைவர் அவர்களே, சுங்கை பட்டாணியிலிருந்து இந்த மழையிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட அலுவலக அதிகாரி துவான் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, மாதர் அணித் தாய்மார்களே, சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். டத்தோ பட்டம் பெற்ற நம் விருந்தினர் வழியில் இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. அவர் வந்ததும் பேச்சை நிறுத்தி மாலை அணிவிப்போம். மண்டபத்தை வாடகையின்றித் தந்த நிர்வாகத்துக்கும், தேநீர் கலந்து கொடுத்த அக்காமார்களுக்கும் முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் விட்டுப்போகும்.

வயது வராத பிள்ளைகள் கையில் மது போகாமல் தடுப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சட்டம், கடை, வீடு.

எங்கள் அம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி? அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. முன்பு 18 வயது நிரம்பினால் மது வாங்கலாம். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது. அந்த வயதுக்குக் கீழே விற்பனை இல்லை என்ற அறிவிப்பைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மீறி விற்றால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. மதுபான உரிமம் வேறு, 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ் வருகிறது. அது யாருக்கும் பரம்பரைச் சொத்து அல்ல. காலம் முடிந்தால் உரிம வாரியத்தின் முன் போய்ப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் ஊர் மக்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். துவான் இங்கே இருக்கிறார், அவர் சாட்சியாகச் சொல்கிறேன்.

இந்த மண்ணுக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நம் பாட்டன்மார் வைத்த கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் வந்து உயிரும் போனது.

இனிக் கடை. என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன்.

1979. எனக்கு 14 வயது. தீபாவளிக்கு முதல் நாள். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த மாமா என் கையில் 10 வெள்ளி வைத்து, "டவுனுக்குப் போயி ரெண்டு பீர் வாங்கிட்டு வா, மீதிய நீயே வச்சுக்க" என்றார். மீதிக் காசு என்றதும் சைக்கிள் பறந்தது. முக்குக் கடை ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது சீன முதலாளியுடையது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் கடன் நோட்டு வைத்திருந்தார். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பாட்டில் இரண்டையும் மேசைமேல் வைத்தார். நான் கை நீட்டினேன். அவர் என் கைமேல் தன் கையை வைத்தார்.

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

"மாமாவுக்குக் காலு உடைஞ்சு போச்சா?"

"இல்ல."

"அப்ப பாட்டில் வேணும்னா மாமாவை வரச் சொல்லு."

கடையில் நின்ற பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். தவுக்கே பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு ஆரஞ்சுக் குளிர்பானப் பாட்டிலைத் திறந்து குடிக்கச் சொன்னார். குடித்துக்கொண்டே அழுதேன். வீட்டில் வந்து சொன்னதும் மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. என் சைக்கிளையே பிடுங்கிக்கொண்டு கிளம்பினார். அங்கே அடிதடி ஆகிவிடும் என்று அம்மா வாசலிலேயே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து மாமா திரும்பினார். கையில் பீர் இல்லை. ஒரு பொட்டலம் மத்தாப்பு இருந்தது. மீதிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்தார்.

என்ன நடந்தது என்று அவர் சொல்லவேயில்லை. பல ஆண்டு கழித்து, அந்தத் தவுக்கேயின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். தவுக்கே அவரிடம் கேட்டாராம்: "இன்னைக்கு நீ அனுப்பி வர்றான். நாளைக்குத் தனக்காகவே வருவான். அன்னைக்கு எந்த வாயால நான் இல்லைன்னு சொல்றது?"

(இந்த இடத்தில் டத்தோ அவர்கள் வந்தார்கள். மாலை, பொன்னாடை முடிந்து தொடர்ந்தேன்.)

அந்தத் தவுக்கே வேலியாக நின்றார். இன்று கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த அயல்நாட்டுப் பையன். அவனுக்கு உங்கள் மகன் யார் என்று தெரியாது. ஆனால் அடையாள அட்டை தெரியும். முதல் ஆறு எண்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 12 வயதிலேயே பிள்ளைகளிடம் மைகார்டு என்ற அந்த அட்டை இருக்கிறது. "ஐசி காட்டு" என்ற ஒரு சொல் போதும். கடையோ, பப்போ, முதலாளி அதைச் சொல்லச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அட்டையைக் கேட்டால் மட்டும் ஓட்டை அடைபடாது. பள்ளிச் சிறுவன் கடைக்குள் போவதேயில்லை. பின்புறச் சந்தில் நிற்கிறான். உள்ளே போவது 25 வயது அண்ணன். பங்கு போட்ட காசில் மலிவான சம்சு சாராயம் வாங்கி வந்து கொடுக்கிறான். உரிமம் இல்லாத இடத்து மலிவுச் சரக்கு என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து எத்தனை பேர் இறந்தார்கள்! அண்ணன் என்று நாம் நம்பியவன் வாங்கிக் கொடுக்கிறான். அம்மா சொன்ன பழமொழிதான்: வேலியே பயிரை மேய்கிறது.

அந்தச் சந்தில் ஒரு மாலை நானே போய் நின்று பையன்களைக் கேட்டேன், ஏன்டா இங்கே நிற்கிறீர்கள் என்று. ஒருவன் சொன்னான்: "வேற எங்க மாமா நிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. நம் காலத்தில் திடல் இருந்தது. வேலை விட்டதும் பந்து, கபடி, இருட்டும்வரை. தோட்டம் துண்டானது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் பழைய திடல் ஏழு மணிக்கெல்லாம் இருண்டுவிடுகிறது. சந்தில் மட்டும் கடை விளக்கு எரிகிறது. பையன் வெளிச்சம் இருக்கும் இடத்துக்குத்தானே போவான்? அந்தத் திடலுக்கு நான்கு விளக்குக் கம்பங்கள் கேட்டு நான்கு ஆண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார், சிலம்பம் ஆசிரியரும் ஒத்துக்கொண்டார். வெளிச்சம்தான் இல்லை. டத்தோ அவர்களே, துவான் அவர்களே, உங்கள் இருவரையும் ஒரே மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால் கை கூப்பிக் கேட்கிறேன்.

வீட்டைப் பற்றிப் பேச நேரமில்லை, சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் கை காட்டுகிறார்.

மண்டப வாசலில் மேசை போட்டிருக்கிறது. மேலே இருப்பது விளக்கு மனு, கீழே இருப்பது உரிம வாரியத்துக்கான கடிதம். இரண்டிலும் பெயரும் ஐசி எண்ணும் எழுதிக் கையெழுத்திடுங்கள். திங்கட்கிழமை காலை நானே சுங்கை பட்டாணிக்குக் கொண்டு போகிறேன். வேனில் இடமிருக்கிறது, உடன் வருகிறவர்கள் எட்டு மணிக்குக் கோவில் வாசலில் நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.