கல்யாண கேசட்டுக்கு அடியில ஒரு ரேஸ் டீம்
(வியாசர்பாடி படிப்பகம் ஒண்ணுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கற பெரியவங்க, பின்னாடி நிக்கற தம்பிங்க, கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்கப்பா, இடம் இருக்கு.

என் கையில இருக்கறது ஒரு விஎச்எஸ் கேசட். சின்ன பசங்க நிறைய பேர் இத நேர்ல பார்த்திருக்க மாட்டீங்க, இத ஓட்டற விசிஆர் மிஷின கடைசியா செஞ்சுட்டு இருந்த ஜப்பான் கம்பெனி 2016லயே நிறுத்திடுச்சு. இந்த கேசட்ட எங்க சித்தப்பா கொண்டு வந்தாரு. கப்பல்ல வேலை அவருக்கு, 95ல இங்கிலாந்துல இறங்கினப்போ அங்க ஒரு கூட்டாளி டிவில இருந்து ரெக்கார்ட் பண்ணி குடுத்தது. மெக்லாரன்னு ஒரு பார்முலா ஒன் கார் ரேஸ் டீம், 1993 சீசன் முழுக்க அவங்க கூடவே கேமரா போய் எடுத்த டாக்குமெண்டரி சீரிஸ், அதுல ரெண்டு பாகம் இதுல இருந்துச்சு. இங்கிலாந்துலயும் நம்ம ஊர்லயும் டிவிக்கு பிஏஎல் (PAL) சிஸ்டம்தான், அதனால பர்மா பஜார்ல வாங்குன எங்க டெக்ல போட்ட உடனே சுத்தமா ஓடுச்சு, அமெரிக்கா கேசட்டா இருந்தா படம் உருண்டுட்டே இருந்திருக்கும்.

இந்த சீசன் ஏன் அவ்ளோ முக்கியம்னு கொஞ்சம் சொல்லிடறேன். 92 முடியும்போது ஹோண்டா இன்ஜின் குடுக்கறத நிறுத்திட்டு போயிடுச்சு, மெக்லாரன் காசு குடுத்து போர்ட் வி8 இன்ஜின் வாங்கி ஓட்ட வேண்டிய நிலைமை, எதிர் டீம் வில்லியம்ஸோட கார் எல்லாத்துலயும் மேல. அந்த வண்டிய வச்சுட்டு மெக்லாரன் டிரைவர் அயர்டன் சென்னா அஞ்சு ரேஸ் ஜெயிச்சாரு. ஏப்ரல் 11, இங்கிலாந்துல டானிங்டன், மழையில நனைஞ்ச டிராக், நாலாவதா நின்னவரு ஸ்டார்ட்ல அஞ்சாவதுக்கு போயிட்டாரு, அதே ரவுண்டு முடியறதுக்குள்ள ஷூமாக்கர், வெண்ட்லிங்கர், ஹில், ப்ராஸ்ட் நாலு பேரையும் தாண்டி முதல் ஆளா வந்தாரு. இத சொல்லும்போது இப்பவும் எனக்கு கை சில்லுனு ஆகுது பாருங்க. நவம்பர்ல அடிலெய்ட்ல ஜெயிச்சது டீமுக்கு 104வது வெற்றி, மொத்த வெற்றி கணக்குல பெராரி டீம தாண்டிட்டாங்க. சென்னாவுக்கு அதுதான் கடைசி வெற்றி. அடுத்த வருஷம் மே 1, இமோலா ரேஸ்ல வண்டி மோதி இறந்துட்டாரு.

இந்த ரேஸ் எதுவும் தொலையலீங்க. ரிசல்ட் புக்ல இருக்கு, ஓட்டுனது யாருன்னு உலகத்துக்கே தெரியும். டானிங்டன் முதல் ரவுண்ட இப்பவே போன்ல பார்த்துடலாம். நான் பேச வந்தது அந்த வண்டிய ராத்திரி பூரா பிரிச்சு மாட்டுனவங்கள பத்தி. ரேஸ் ஒளிபரப்புல அவங்க ஒரு சில செகண்டு வருவாங்க, டயர் மாத்துவாங்க, போயிடுவாங்க. அவங்க முகத்த நின்னு காட்டறது இந்த மாதிரி டாக்குமெண்டரி மட்டும்தான், அது தொலைஞ்சா அவங்களுக்கு வேற ரெக்கார்டே கிடையாது.

இது நமக்கு புரியும். நம்ம திருவொற்றியூர்ல 1946ல பலூன் செய்யற சின்ன கொட்டகையா ஆரம்பிச்சதுதான் எம்ஆர்எப், 1956ல அதே திருவொற்றியூர்ல என்பீல்டு புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க, எண்ணூர்ல அசோக் லேலண்ட். எங்க நைனா லேத்துல நின்ன ஆளு. சின்ன வயசுல என்ன சோழவரம் ரேசுக்கு பஸ்ல கூட்டிட்டு போவாரு, ரெட்ஹில்ஸ் தாண்டி. அது இரண்டாம் உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப், 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புதான் அங்க ரேஸ் நடத்துச்சு, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. கோயம்புத்தூர் கரிவர்தன் நம்ம நாட்டுலயே ரேஸ் கார் டிசைன் பண்ணி ஓட விட்ட காலம் அது. கூட்டம் மொத்தம் வண்டி போற பக்கம் தலைய திருப்பும், நைனா மட்டும், மெக்கானிக்குங்க ஓரமா துணி விரிச்சு ஸ்பேனர் அடுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, அங்கயே நின்னுட்டு இருப்பாரு. ஒரு தடவை கார்புரேட்டர பிரிச்சு, பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை இருக்கற ஜெட்ட வாயால ஊதி, வெளிச்சத்துல தூக்கி ஒரு கண்ண மூடி பார்த்தாரு ஒருத்தர், நைனா என் தோள அமுத்தி "பாத்துக்கடா"ன்னாரு. அவர் யாரு, பேர் என்ன, எந்த படமும் இல்ல.

இப்போ கேசட்டுக்கு வரேன். 97ல எங்க அக்கா கல்யாணம். வீடியோ எடுத்தவரு, காப்பி போட்டு தரேன், ஒரு கேசட் குடுங்கன்னாரு. வீட்ல யாரோ இத எடுத்து குடுத்துட்டாங்க. மேல அழியாம இருக்கறதுக்கு சித்தப்பா பின்பக்கத்து பிளாஸ்டிக் துண்ட உடைச்சு வச்சிருந்தாரு. அந்த ஓட்டைல செல்லோடேப் ஒட்டிட்டா திரும்ப ரெக்கார்ட் ஆகும்னு தெரிஞ்ச ஆளு ஒட்டிட்டாரு, இதோ பாருங்க, மஞ்சளாயி இன்னும் ஒட்டிட்டு இருக்கு. புதுசா ரெக்கார்ட் பண்ணும்போது முன்னாடி ஒரு ஹெட் பழசெல்லாம் துடைச்சுட்டுதான் போகும், அடியில எதுவும் ஒளிஞ்சிருக்காது, எடுக்கவே முடியாது.

அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அந்த கல்யாணத்துலதான் எங்க ஆயா இருக்காங்க. காசிமேட்டுல கருவாடு வித்தவங்க, போட்டோனாலே மூஞ்ச மூடிப்பாங்க. அவங்க நடக்கறது, சிரிக்கறது இருக்கறது உலகத்துலயே இதுல மட்டும்தான். அதனால நான் யார குத்தம் சொல்றதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

பெரிய இடத்துலயும் இதேதான் நடந்திருக்கு. டேப் விலை ஜாஸ்தி, அழிச்சு திரும்ப யூஸ் பண்ணாங்க. பிபிசி 60கள், 70கள்ல எத்தனையோ நிகழ்ச்சிய அப்படித்தான் அழிச்சாங்க. நாசா, நிலாவுல மனுஷன் கால் வச்ச ஒரிஜினல் டேப்பயே அழிச்சு மறுபடி யூஸ் பண்ணிடுச்சுன்னு 2009ல சொல்லுச்சு. அவ்ளோ தூரம் எதுக்கு, 1931ல காளிதாஸ், தமிழ் பேசுன முதல் படம், பம்பாய்ல இருந்து பெட்டி வந்தப்போ நம்ம வால்டாக்ஸ் ரோட்ல ஊர்வலமா தூக்கிட்டு போனாங்க, பூ போட்டு தேங்கா உடைச்சு. இன்னைக்கு அந்த படம் இல்ல. சாமி மாதிரி தூக்கிட்டு போன பொட்டி அது.

போன வருஷம் பரண்ல இருந்து இத எடுத்தேன். டேப் ஓரம் பூரா வெள்ளை பூஞ்சை, நம்ம ஊர் ஈரத்துக்கு வராம இருக்குமா. அப்படியே டெக்ல போட்டா உள்ள டிரம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும், பூஞ்சை ஹெட்ல ஏறிடும், டேப்பும் கிழியும். தயவுசெஞ்சு யாரும் அப்படி போட்டு பார்க்காதீங்க. அஞ்சு ஸ்க்ரூ கழட்டி, டேப்ப மெதுவா சுத்தி சுத்தி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணில துடைச்சு, வேற கூட்டுல மாத்தி, மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு எனக்கு.

போட்டேன். கல்யாணம் ஓடுது. தாலி கட்டியாச்சு, பந்தி நடக்குது, ஆயா சாப்டு முடிச்சு இலைய மூடிட்டு கை கழுவ எழுந்துக்கறாங்க, பட்டுனு படம் அறுந்து கோடு கோடா வருது, முடிஞ்சுதுன்னு நினைச்சு ஸ்டாப்ப அமுக்க போனேன், அப்போ ஒரு கராஜ் வந்துச்சு. சிவப்பும் வெள்ளையுமா வண்டி, மூக்கு கழட்டி வச்சிருக்கு, ஒருத்தர் தரையில முட்டி போட்டு உக்காந்து எதையோ முடுக்கறாரு. வீடியோக்காரர் காப்பி நின்ன இடத்துக்கு அப்புறம் மிச்சம் இருந்தது பதினொரு நிமிஷம். நான் தனியா உக்காந்து அழுதுட்டேங்க.

உங்க வீட்டு பரண்லயும் கேசட் இருக்கும். அட்டையில கல்யாணம்னு எழுதியிருந்தாலும் கடைசி வரைக்கும் ஓட விட்டு பாருங்க. பூஞ்சை இருந்தா என்கிட்ட கொண்டு வாங்க, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்கதான் இருப்பேன், காசு வேணாம்.

ஆயா எழுந்துக்கற இடத்துல இருந்தே போடறேன், ரெண்டும் ஒரே டேப்பு, பிரிக்க மனசு வரல. தம்பி, அந்த லைட்ட மட்டும் அணைச்சுடுப்பா.