கண்டல் எங்கே நடுவது? தடியோடு நிற்கும் பெரியப்பா | முகத்துவாரம், மட்டக்களப்பு

வணக்கம் உறவுகளே. இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோடையில் வீசும் கச்சான் காற்று. முகத்துவாரத்தில் அது எழும்பிவிட்டால் ஒலிவாங்கிக்கு எத்தனை பஞ்சு சுற்றினாலும் தப்ப முடியாது. எனக்குப் பின்னால் தெரிவது 1913இல் கட்டிய வெளிச்சவீடு. இந்தப் பக்கம் வருகிறவர்களில் பலர் அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு களப்போரமாக, அதாவது வாவிக் கரையோரமாக, நடக்கப் போகிறேன்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் இயற்கைக் கூடம் ஒன்று இங்கே இருக்கிறது. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிடுகுக் கூரை, நாலு வாங்கு, ஒரு கரும்பலகை, பின்பக்கம் உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களுக்கான நாற்றுமேடை. அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் பாடசாலைப் பிள்ளைகள் வருவார்கள். கடலுக்குப் போகாத மீனவர்கள் வருவார்கள். பக்கத்து வீட்டுத் தாய்மார் தேநீர் வாளியோடு வருவார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, ஆனால் சும்மா நின்று பார்க்கவும் விடமாட்டார்கள். நான் வந்து கமராவை எடுக்கும் முன்பே ஓர் அக்கா என் கையில் வெற்றுப் பால்மாப் பைகளைத் திணித்துவிட்டார். அடியில் துளை போட்டுச் சேறு நிரப்ப வேண்டுமாம். பிளாஸ்டிக் பை வாங்கக் காசும் இல்லை, வாங்க மனமும் இல்லை என்கிறார்கள். ஊரிலுள்ள வீடுகளில் குடித்து முடித்த பால்மாப் பைகள்தாம் நாற்றுப் பைகள்.

இப்போது கமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இந்தச் சிறுமியின் கையில் இருப்பதைப் பாருங்கள். முருங்கைக்காய் போல நீண்டு பச்சையாக இருக்கிறது அல்லவா? இது காயில்லை. கண்டல் மரத்தில் காய் இருக்கும்போதே அதனுள் விதை முளைத்துவிடுகிறது. முளைத்த தண்டு கிளையிலேயே தொங்கியபடி வளர்கிறது. மற்ற மரங்களின் விதை மண்ணில் விழுந்த பிறகு முளைக்கும், இது முளைத்த பிறகுதான் விழுகிறது. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் பிழைக்க வேண்டிய பிள்ளையைத் தாய் கொஞ்சம் வளர்த்தே அனுப்புகிறாள். மேலே தொப்பியும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள், மெல்லிய மஞ்சள் வளையம் தெரிகிறது. அந்த வளையம் வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். வளையம் இல்லாததைப் பிடுங்கி வந்த பையனுக்கு இப்போதுதான் நல்ல பேச்சு விழுந்தது. பேசியது ஆசிரியரில்லை, அவனைவிட ஒரு வயது குறைந்த இந்தச் சிறுமி.

அந்தப் பக்கம் சிறிய இலையோடு நிற்பது கண்ணா என்ற இன்னொரு மரம். இலையின் அடியில் நாக்கை வைத்துப் பார் என்றார்கள், வைத்தேன். உப்பு! கண்ணா வேரால் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறியதும் அது பொடிப்பொடியாகப் படிந்துவிடுகிறது. கண்டல் அப்படிச் செய்வதில்லை, உப்பில் பெரும்பங்கை வேரிலேயே மறித்துவிடுகிறது. கண்ணாவைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். வெறுங்காலோடு வந்தால் தெரியும் சேதி. நாக்கை வைக்கும் விளையாட்டைக் கண்ட மரத்திலும் செய்துவிடாதீர்கள். இதே கரையில் தில்லை மரமும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கு முதல் பாடமே எது தில்லை என்று காட்டுவதுதான்.

இனி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். அதோ, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடியோடு நிற்கிறாரே, அவரை எல்லாரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆயுள் முழுக்க இந்தக் களப்பில் தோணி விட்டவர். நாற்றை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்பதில் இங்கே அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

நான் கரைக்குக் கீழே, தண்ணீர் வற்றி வெளியே தெரியும் சேற்றுத் தரையைக் காட்டி, "பெரியப்பா, இவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறதே, இங்கே நடலாமே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மகள், இதை மார்கழியில் வந்து பார். நீ நிற்கிற இடத்தில் என் தோணி ஓடும்" என்றார். பிறகு என்னைக் கரைக்கு மேலே கூட்டிக்கொண்டு போனார். வயதான கண்டல் ஒன்றின் முட்டு வேரில் பழுப்பாக ஒரு கோடு. மாரி வெள்ளம் நின்று வடிந்த அடையாளம். தடியை அந்தக் கோட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கோட்டுக்கும் கச்சான் காலத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, அதில்தான் மரம் பிழைக்கும்" என்றார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்முடைய களப்பின் குணம் வேறு. உலகத்தில் பல இடங்களில் கண்டல் காட்டுக்குள் கடல் நாள்தோறும் ஏறி இறங்கும். இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்ற இறக்கம் சிறியது, ஒரு மீட்டரையும் எட்டாது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அது கடலோடு பேசுவது இந்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும்தான். கோடையில் மணல்மேடு வாயை அடைத்துவிடும், களப்பு வற்றும். மாரியில் மேற்கே இருந்து வெள்ளம் வந்து சேரும், களப்பு ஏறும். வயல் மூழ்குகிறது, முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். இப்போதே வெட்டினால் இறால் போய்விடும் என்று மீனவர்கள் சொல்வார்கள். வருடாவருடம் நடக்கும் வழக்கு இது. ஆக, இங்கே தண்ணீர் ஏறி இறங்குவது மாதக்கணக்கில். வாரக்கணக்கில் முழுதாக மூழ்கிக் கிடந்தால் கண்டல் நாற்றும் செத்துத்தான் போகும். தண்ணீரில் நிற்கும் மரம்தானே என்று நினைத்து ஆழத்தில் நட்டால், அது மரத்தைக் கொல்லும் வேலை.

இன்னொரு வேடிக்கை. ஜூலை 26 கண்டல் காடுகளுக்கான சர்வதேச தினம், யுனெஸ்கோ 2015இல் அறிவித்தது. நல்ல விடயம். ஆனால் அது வருவது நம் களப்பு வற்றிக் கிடக்கும் காலத்தில். வெளியிலிருந்து பதாகையோடு வருகிறவர்களுக்குக் காய்ந்த சேற்றுத் தரை அழகான இடமாகத் தெரிகிறது. நட்டுவிட்டு, வரிசையாக நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி அப்படி ஒரு நிறுவனம் வைத்த நினைவுப் பலகை இன்னும் நிற்கிறது. கமராவைத் திருப்புகிறேன், பெயரை மறைத்துவிடுகிறேன், யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. பலகையைச் சுற்றி ஒரு கன்றாவது தெரிகிறதா? பலகைக்கு மட்டும் நல்ல வேர்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர் வரைதான். பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு நாற்றுக்கூட மிஞ்சவில்லை. காரணங்களாக அவர்கள் சொன்னவை, பிழையான இடம், கால்நடை மேய்ச்சல், நாற்றில் படியும் பாசி, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பாராதது. பெரியப்பா இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. தடியை ஊன்றிக்கொண்டு அவர் எனக்குச் சொன்ன நாலு காரணமும் இவையேதான். நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் 2024 பெப்ரவரியில் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. வெறுமனே நாற்றுக்குத்துவதை விட்டு, விஞ்ஞானமும் ஊர்மக்களும் சேர்ந்து செய்யும் முறைக்குக் கிடைத்த பாராட்டு அது.

இந்தக் கூடத்தில் கச்சான் காலத்தில் நடுவதே இல்லை. இப்போது முற்றிய தண்டுகளைச் சேர்த்துப் பையில் வளர்க்கிறார்கள். மாரி வெள்ளம் வடிந்ததும் பெரியப்பா கோடு போடுவார், நடுகை அதற்குப் பிறகு. நட்ட இடத்தைச் சுற்றி வேலி, காரணம் பட்டி மாடுகள். கண்ணா இலை மாட்டுக்குப் பிரியமான தீனி. மாட்டுக்காரரோடு சண்டை பிடித்துப் பார்த்தார்களாம், நடக்கவில்லை. இப்போது அவருடைய மகனே வேலிக் காவல். ஊர்ப் பிரச்சினையை ஊர் தீர்க்கும் விதம் இப்படித்தான். பிள்ளைகளின் வேலை ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்றை எண்ணி, பாசியைக் கையால் வழித்து, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவது. செத்தவையும் எழுதப்படும். அந்தப் பலகையை நான் நினைவுப் பலகைக்கு மேலாக மதிக்கிறேன்.

சரி, கொஞ்சம் நடப்போம். பேசாமல் வந்தால் நிறையப் பார்க்கலாம், ஆனால் பேசாமல் இருந்தால் இது காணொளியாக இருக்காது.

சேற்றில் அசைவதைப் பாருங்கள். ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள். பெருத்த கை ஆணுக்கு மட்டும். அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடுகிறது, மற்ற ஆணை விரட்டுகிறது. இவை தோண்டும் வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றுப் போகிறது, மரத்துக்கும் அதனால் நன்மை. அதோ, தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடிக்கிறதே, அது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. விழுந்தது! கிடைத்ததா? கிடைக்கவில்லை. மறுபடியும் எழும்புகிறது. தூரத்தில் கூழைக்கடா நாலைந்து, ஒன்றாகச் சேர்ந்து மீனைக் கரைப்பக்கம் ஒதுக்குகின்றன. வெளிநாட்டு உள்ளான்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புரட்டாதி, ஐப்பசிக்குப் பிறகு வாருங்கள், சைபீரியப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருக்கும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987இல் தொடங்கியது. இங்குள்ள பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் அந்த மாதத்தில் கொப்பியும் பென்சிலுமாக எண்ணுகிறார்கள்.

முதலை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மட்டக்களப்பான் எவனும் இல்லை என்று சொல்லமாட்டான். அதனால் தண்ணீரோரமாகக் குந்தியிருந்து படம் எடுக்கும் வேலை வேண்டாம். பெரியப்பா எனக்கு முன்னால் தடியால் தட்டிக்கொண்டு போவது பாம்புக்காக மட்டுமில்லை.

ஒரு நிமிடம். இங்கே ஏதோ சிக்கியிருக்கிறது. நீர்க்காகம். தங்கூசி வலை, ஒற்றை நைலான் இழையில் பின்னியது. களப்பில் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, போடுகிறார்கள். கிழிந்ததைக் கரையில் வீசிவிட்டும் போகிறார்கள். கமராவை வேரில் சாய்த்து வைக்கிறேன், படம் சரிந்தால் மன்னியுங்கள். பெரியப்பா தோளில் கிடந்த துவாயை அதன் தலைமேல் போட்டுவிட்டார். கண் மறைந்ததும் அடங்கிவிட்டது. சொண்டு நுனி கொக்கிபோல வளைந்திருக்கிறது, அதில் விரல் மாட்டினால் கதை முடிந்தது. சிறகுக்கடியில் மூன்று சுற்று, கழுத்தில் ஒரு சுற்று. இழுக்கக்கூடாதாம், ஒவ்வொரு இழையாக வெட்ட வேண்டுமாம். கண்ணுக்கே தெரியாத இழை. கத்தரிக்கோல் கொண்டுவந்த பையன் யார் தெரியுமா? மஞ்சள் வளையத்துக்குப் பேச்சு வாங்கியவன்தான். கை நடுங்காமல் வெட்டுகிறான். போய்விட்டது, நன்றிகூடச் சொல்லாமல் என் சட்டையில் எச்சமிட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்த வலைத்துண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டிருக்கிறோம். இன்று காலை மட்டும் பொறுக்கிய வலைத்துண்டுகள் இந்த உரப்பை நிறைய இருக்கின்றன.

இந்த வாவியில் இரவில் தண்ணீருக்கடியிலிருந்து ஒலி கேட்குமென்று சொல்கிறார்களே, அந்தப் பாடும் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று யாராவது கோபிக்கக்கூடும். அதற்குக் கல்லடிப் பாலம், பூரணை இரவு, தோணி, காதில் வைக்கத் துடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக நான் வாயை மூடியிருப்பது, இத்தனையும் வேண்டும். அது தனிக் காணொளி.

வர விரும்புகிறவர்களுக்கு: மட்டக்களப்பு நகரிலிருந்து முச்சக்கர வண்டிக்காரரிடம் பாலமீன்மடு வெளிச்சவீடு என்று சொன்னால் போதும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வாருங்கள், வெயில் ஏறினால் பறவையும் இருக்காது, பெரியப்பாவும் இருக்கமாட்டார். மூடிய சப்பாத்துப் போடுங்கள். தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோங்கள். வீட்டில் பால்மாப் பை இருந்தால் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள், இருநூறு வரை குறைகிறதாம். அந்த அக்கா மறுபடியும் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார், கையில் இன்னும் ஒரு கட்டு. கமராவை நிறுத்துகிறேன்.