தலையும் உடலும் உள்ள சாரம்

வணக்கம். மெழுகால் கோலம் வரைந்து சாயமேற்றும் துணியான பாத்திக் என்றதும் எல்லாரும் ஜாவாவின் அரண்மனைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். யோக்யகர்த்தா, சோலோ, அரச குடும்பத்தைத் தவிர வேறு யாரும் உடுத்தக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை போட்டிருந்த பராங் என்ற சாய்வரி வடிவம், எல்லாம் சரி. ஆனால் அங்கே பெரும்பாலும் கட்டியது தைக்காத நீளத்துணி. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த சாரோங், அதாவது நம்மில் சிலர் சாரம் என்கிறோமே அது, ஜாவாவின் வடகரைத் துறைமுக ஊர்களின் உடை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அந்தச் சாரத்துக்கு ஒரு தலை உண்டு, வேறு வடிவம் போட்ட தனிப் பட்டை. கெபாலா என்பார்கள். வேறொன்றுமில்லை, நம் கபாலம்தான், சமஸ்கிருதம் வழியாக மலாய்க்குப் போன சொல். மற்ற பகுதி உடல். தலையில் பழைய வழக்கப்படி நீண்ட முக்கோணங்கள் இரண்டு வரிசையாக, பல்லோடு பல் பார்த்த மாதிரி எதிரெதிரே நிற்கும். பெயர் தும்பால். சோழமண்டலக் கரையிலிருந்து மசாலாவுக்கு மாற்றாகக் கப்பலேறிய துணிகளின் முந்தியிலும் இதே முக்கோணங்கள் இருந்தன என்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பெக்காலொங்கான் ஊரில் எலிசா வான் சூய்லென் என்ற அம்மையார் முக்கோணத்தைத் தூக்கிவிட்டு ஐரோப்பியப் பூங்கொத்தை வைத்தார். சீன வம்சாவளிப் பெண்கள் பீனிக்ஸ் பறவையை வரைய வைத்தார்கள். லாசெம் ஊர்ச் சிவப்பு, பெக்காலொங்கான் நீலம், சோலோ பழுப்பு என்று ஒரே துணி மூன்று ஊர் போய்ச் சாயமேறி வந்ததும் உண்டு, அதற்குப் பெயரே 'மூன்று நாடு'. 1942 முதல் 45 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிக்குப் பெரும் பஞ்சம், ஆனால் வேலை செய்யக் கைகள் நிறைய இருந்தன, அதனால் ஒரே துணியில் பாதிக்கு ஒரு வடிவம், மீதிக்கு வேறொன்று என்று இடைவெளியே இல்லாமல் இழைத்துத் தள்ளினார்கள்; காலையில் ஒரு பாதி வெளியே தெரியக் கட்டலாம், மாலையில் மறு பாதி.

இவ்வளவு படித்துவிட்டும் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் கையால் வரைந்தது என்றார்கள், வாங்கிவிட்டேன், அறைக்கு வந்து புரட்டினால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. செம்புக் குப்பியும் மெல்லிய மூக்கும் உள்ள சந்திங்கால் ஒரு பக்கம் மெழுகு வரைந்த பெண், துணியைத் திருப்பி அதே கோட்டின் மேல் மறுபடியும் வரைவார். அதனால் நல்ல சாரத்துக்கு உள், வெளி என்று கிடையாது. செம்பு அச்சால் மெழுகு ஒற்றினாலும் இரண்டு பக்கமும் சாயம் ஏறும், ஆனால் பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாம் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும்.