சாமி கொடுத்த வரமும் பூசாரியின் பூட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் கைதட்டலில் பாதியை எடுத்துக்கொண்டு போன வழக்கறிஞர் ஐயா அவர்களே, தேரூரிலிருந்து மழையில் வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, பின்வரிசையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கு நன்றி. இந்த நாகர்கோவில் ஈரத்துக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

பதிப்புரிமை பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். சட்டம் என்ன தருகிறது, டிஜிட்டல் பூட்டு என்ன பறிக்கிறது, வெளிநாடுகளில் என்ன நடக்கிறது.

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்.” என்னை ஏற்கெனவே கேட்டவர்களுக்குத் தெரியும், எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இதைச் சொல்லிவிடுவேன். இன்றைக்குத் தலைப்பே இதுதான்.

சாமி யார்? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுதியவருக்கு ஆயுள் முழுக்க உரிமை, அதன் பிறகு 60 ஆண்டு. நம் கவிமணி 1954-இல் மறைந்தார். ஆகவே அவர் காலத்தில் அச்சான பாடல்கள் 2014 முடிந்ததும் எல்லோருக்கும் பொது. உரிமைக்காலம் முடியாத படைப்புக்கும் 52-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி, வகுப்பறை இவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடைமேல் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டபோது, 2016-இல் உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் மாணவர்கள் பக்கம் நின்றது. சமயச் சடங்கில் பாட்டு ஒலிப்பதற்குக்கூட அங்கே விலக்கு உண்டு. அதாவது சாமிக்கே வரம்!

இனி பூசாரி. ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் இசக்கியம்மன் கோயில் கொடைவிழா. வில்லுப்பாட்டு. பாடுகிற அண்ணாவிக்கு எழுபது தாண்டிவிட்டது, உடுக்கைச் சத்தத்துக்குமேல் நிற்கிற குரல். கேசட் காலத்தில் ஒரு கம்பெனிக்காரர் அவரை அழைத்துப் போய்ப் பாடவைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, சால்வையும் பஸ் செலவும் கொடுத்து அனுப்பினார். அதை அண்ணாவி மறந்தே போனார். கொடையன்று மைக் செட்காரருக்கு ஓர் ஆசை: பெரியவர் மேடை ஏறுமுன் அவருடைய கேசட்டையே போட்டுக் கௌரவிக்க வேண்டும். போட்டார். மூன்று நிமிடம் ஓடியது. அப்புறம் விடிய விடிய வில்லு. குவைத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று பையன்கள் முழுவதையும் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள்.

மறுநாள் பார்த்தால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. அண்ணாவி வாயைத் திறக்கிறார், மூடுகிறார். குடம் அடிக்கிறவர் சும்மா கையை ஆட்டுகிறார். பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவதும் கேட்கவில்லை. காரணம், அந்தக் கேசட்டின் உரிமை இன்னொருவருடையதாம். பேரன் ஆட்சேபப் படிவத்தை எடுத்தான். “தாத்தா, உரிமையாளரின் அனுமதி இருக்கான்னு கேக்கான்.” அண்ணாவி சொன்னார்: “இசக்கியம்மைகிட்ட கேட்டாச்சுன்னு போடு மக்கா.” கம்பெனிப் பெயரைக் காட்டியதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்போ என் தொண்டையில நான் வாடகைக்கா குடியிருக்கேன்?”

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். கம்பெனி பக்கமும் சட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை தயாரித்தவருக்கு 60 ஆண்டு. பாடகருக்கென்று நிகழ்த்துநர் உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். ஆனால் மூன்று நிமிடக் கேசட்டுக்காக ஒரு ராத்திரிப் பாட்டை முழுவதும் ஊமையாக்கியது எந்தப் பிரிவு? எந்தப் பிரிவும் இல்லை, ஒரு மென்பொருள். அதற்கு ஒலியைப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியும், 52 தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும்...

(கூட்டத்திலிருந்து: “பூசாரி கொடுக்க மாட்டான்!”)

ஆமாம். மின்னூலை நகலெடுக்க விடாமல் விற்பவர் போடுகிற டிஜிட்டல் பூட்டும் இப்படித்தான். 2012 திருத்தத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத நோக்கத்துக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சாவியை யார் தருவார்? 2009-இல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிக்குள்ளிருந்தே சில நூல்களை அழித்தது. நம் வீட்டு அலமாரியில் எந்தப் பதிப்பாளரும் கை வைக்க முடியுமா?

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும், தலைவர் மணியைப் பார்க்கிறார். நான் எதைப் பேச வந்தேனோ அதற்கு வருகிறேன்.

அதே 2012 திருத்தம் இன்னொரு வரமும் தந்திருக்கிறது. லாபநோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இங்கே கேசட் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறது! இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நாடாவில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தில் ஒன்று, தோவாளையில் ஒன்று என்று நீலிகதையைப் பாடின குரல்கள் அதில்தான் இருக்கின்றன. ஆகவே நம் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு வில்லுப்பாட்டு ஒலிக் காப்பகம் வேண்டும். கேசட்டை நூலகத்துக்குக் கொடுங்கள், அங்கே மின்வடிவாக்கிப் பாதுகாக்கட்டும். உட்கார்ந்து கேட்க ஓர் அறையும் வேண்டும். பாதுகாப்புப் பிரதி எடுக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஓடுகிற டேப் ரிகார்டர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, பொறுப்பாக ஓர் ஆள் போதும். “மேலிடத்து உத்தரவு வரட்டும்” என்கிற பூசாரி எங்கே இருந்தாலும் அவரைப் பார்க்க நாங்கள் வருவோம். நூலகர் அம்மா, உங்களைச் சொல்லவில்லை.

மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. சுக்குக்காப்பி குடிப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள், தாள் நனையக் கூடாது. கேசட் வைத்திருப்பவர்கள் யார் பாடியது, எந்த ஊர்க் கொடை என்பதை அட்டையில் எழுதித் தாருங்கள். பேனா என்னுடையது, திருப்பி வைத்துவிடுங்கள். வணக்கம்.